மோட்டார் அறையில் ஒட்டியிருந்த அட்டை

திருவல்லிக்கேணியில் உள்ள எங்கள் டிடிபி கடைக்கு (கணினியில் வடிவமைத்து அச்சடித்துத் தரும் கடை), போர் மோட்டார், அதாவது ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் நெடுநாள் வாடிக்கையாளர். பில் புத்தகமும் லெட்டர் பேடும் எங்களிடம்தான் அடிப்பார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் பல வண்ணத்தில் விசிட்டிங் கார்டு வேண்டும் என்று கேட்டு வந்தார். நான் வடிவமைப்பைக் கற்றுக்கொண்டு, கற்றதையெல்லாம் யார் தலையிலாவது இறக்கிவைக்கத் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. கறுப்புப் பின்னணி, பளபளப்பில்லாத மேட் லேமினேஷன், பெயருக்குத் தங்க நிற ஃபாயில், மூலையில் ஒரு நீர்த்துளி, அதன் கீழே 'வாட்டர் பம்ப் சொல்யூஷன்ஸ்' என்று ஆங்கிலத்தில் மெல்லிய வெள்ளை எழுத்து. இரண்டு கைபேசி எண்கள், ஒரு வீட்டுத் தொலைபேசி எண், அவர் ஒருநாளும் திறந்து பார்த்திராத ஒரு மின்னஞ்சல் முகவரி எல்லாம் அதில் இடம்பெற்றன. அடித்து முடிந்த ஆயிரம் அட்டையையும் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தபோது அவரைவிட எனக்குத்தான் பெருமை அதிகமாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து வந்தார். "தம்பி, கார்டு கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜோரா இருக்கு. வாங்குறவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா போன் மட்டும் வரமாட்டேங்குது" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. அன்று மாலை இராயப்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தம் வண்டியின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போனார். படிக்கட்டுக்கு அடியில் இருந்த மோட்டார் அறையில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், செல்லோ டேப்பால் நான்கு ஓரமும் ஒட்டப்பட்ட வெளிர்மஞ்சள் அட்டை ஒன்று இருந்தது. அது இன்னொரு மெக்கானிக்குடையது. 'மோட்டார் ரிப்பேர்' என்று சிவப்பில் கொட்டை எழுத்து, அதன் கீழே ஓர் எண், அவ்வளவுதான். மிச்சமிருந்த வெற்றிடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் காயில் கட்டிய தேதி, பேரிங் மாற்றிய தேதி, கெப்பாசிட்டர் மாற்றிய தேதி என்று மூன்று வரிகள் எழுதியிருந்தன.

நம்முடைய கறுப்பு அட்டை எங்கே என்று காவலாளியைக் கேட்டோம். "அது செக்ரட்டரி சார் வீட்ல பத்திரமா இருக்குமுங்க" என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் காலை ஐந்தரை மணிக்குத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால், போனைக் கையில் எடுப்பவர் செயலாளர் இல்லை, இந்தக் காவலாளி. அவர் கண்ணுக்கு எதிரே இருப்பது மஞ்சள் அட்டை. நான் வடிவமைத்தது வாங்குகிறவர் மெச்சுவதற்கான அட்டை; தேவைப்படும் நாளில் அதைத் தேடுகிற ஆள் வேறொருவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அட்டை அடிக்க வருகிற யாரிடமும் என்ன நிறம், என்ன லோகோ என்று முதலில் கேட்பதில்லை. இந்த அட்டையை யார், எப்போது, எங்கே நின்றுகொண்டு தேடுவார் என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் ஒரு கணம் விழிப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்கினால் நிற்கமாட்டார்கள். சமையல் மாஸ்டர் ஒருவர், தம்முடைய அட்டை திருமணம் நிச்சயமான வீட்டில் அம்மாவின் சுருக்குப்பைக்குள் மூன்று மாதம் கிடக்கும் என்றார். தையற்கடைக்காரர் ஒருவருக்கு அது அளவு ரசீதோடு சேர்த்துப் பின் குத்தப்படும். ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அது வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் ஒருவர் வாங்கிய இருநூறு அட்டைகளின் நடுவே, அவர் ஊர் திரும்பிய பிறகு, ஓட்டல் பையிலிருந்து உதறப்படும். இந்த மூன்றுக்கும் ஒரே வடிவமைப்பு பொருந்தாது என்பது கேட்டவுடன் விளங்கிவிடுகிறது.

இந்த அட்டைக்கு நாம் இன்றும் விசிட்டிங் கார்டு என்றே சொல்கிறோம். ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வாசலில் பணியாளிடம் பெயர் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பும் வெள்ளைக்காரர் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சீட்டில் பெயர் மட்டும் இருந்தாலே போதும், ஏனென்றால் ஆள் வாசலில்தான் நிற்கிறார். நம் தொழிலாளியின் அட்டைக்கு நேர்மாறான வேலை: ஆள் அங்கே இல்லாதபோது அவருக்குப் பதிலாக அது பேசவேண்டும். பெயர் அப்படியே நிலைத்துவிட்டதாலோ என்னவோ, பெயரைப் பெரிதாகப் போடவேண்டும் என்ற பழக்கமும் நிலைத்துவிட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அச்சக முதலாளி டிரெடில் அச்சு எந்திரக் காலத்து ஆள். ஈய எழுத்தைக் கையால் கோத்து அடித்த காலத்தில் அவரிடம் நான்கைந்து அளவுகளில் தமிழ் எழுத்தும் அதே அளவு ஆங்கில எழுத்தும்தான் இருந்தன. நிறம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டாவது நிறம் வேண்டுமென்றால் மையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை ஓட்டவேண்டும், கூலி இரட்டிப்பாகும். அந்த வறுமையே அட்டைகளை ஒழுங்காக வைத்திருந்தது என்பார். கணினியும் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளும் வந்த பிறகு நூற்றுக்கணக்கான எழுத்துருக்களும் நிழலும் சாயமும் இலவசமாகக் கிடைத்ததும், எல்லாவற்றையும் ஒரே அட்டையில் போட்டுப் பார்த்தோம். இதில் வாடிக்கையாளரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் கேட்டதற்கு மேல் நாங்களும் இரண்டு சேர்த்தோம்.

அட்டையில் எது பெரிதாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு, நம் ஊரில் கைபேசியில் எண்களை எப்படிச் சேமிக்கிறோம் என்பதைப் பார்த்தாலே விடை கிடைக்கும். உங்கள் போனில் தேடிப் பாருங்கள்: 'பிளம்பர் புதுசு', 'ஏசி மெக்கானிக்', 'தண்ணி கேன்', 'ஐயர் கிரகப்பிரவேசம்' என்றுதான் இருக்கும். ஆளின் பெயர் நினைவில் இருப்பதில்லை, வேலைதான் இருக்கும். ஆகவே, தொழிலின் பெயரை வாடிக்கையாளர் எந்தச் சொல்லால் தேடுவாரோ அந்தச் சொல்லால், அட்டையிலேயே பெரிதாகப் போடவேண்டும். 'வாட்டர் பம்ப் சொல்யூஷன்ஸ்' என்று எவரும் போனில் தட்டித் தேடியதில்லை. 'இன்டீரியர் கான்செப்ட்ஸ்' என்று போட்டிருந்த ஒரு தச்சரிடம், கிச்சன் கபோர்டு செய்வீர்களா என்று கேட்டேன். அதுதான் முக்கால்வாசி வேலை என்றார். பிறகு அதையே போட்டோம்.

இந்த விதி எல்லாருக்கும் பொருந்தாது என்பதை ஒரு வழக்கறிஞர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நிலத் தகராறுகளில் பெயர் பெற்றவர் என்று தெரிந்ததால், 'சொத்து வழக்குகள்' என்று பெரிய எழுத்தில் போட்டு மாதிரி காட்டினேன். சிரித்துக்கொண்டே அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் 36ஆம் விதி, வழக்கறிஞர் தமக்கு விளம்பரம் செய்துகொள்வதையும் வழக்குப் பிடிப்பதையும் தடை செய்கிறது. பெயர்ப்பலகையிலும் எழுதுபொருளிலும் குறிப்பிட்ட வகை வேலையில் தேர்ந்தவர் என்றோ, முன்னாள் நீதிபதி என்றோ, வழக்கறிஞர் சங்கத் தலைவர் என்றோ குறிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. எனவே அவருக்குப் பெயர், வழக்கறிஞர் என்ற சொல், அலுவலக முகவரி, எண் ஆகியவை மட்டும். மருத்துவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு; 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகள், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டங்கள், சான்றிதழ்கள் போன்றவற்றை மட்டுமே பெயருக்குப் பின்னால் போடலாம் என்கின்றன. ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் நான்முகச் சிங்க முத்திரையை மூலையில் போடச் சொல்வார்கள். அதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டமும் 2007ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன; பதவியில் இருந்தவர் என்பதற்காக முன்னாள்கள் அதைப் பயன்படுத்த முடியாது. இதைச் சொன்னால் முகம் வாடும். பக்கத்துக் கடையில் போட்டுத் தருவார்கள் என்பதும் தெரியும், இருந்தாலும் நான் போடுவதில்லை.

அடுத்தது எண். என் கணக்கில் ஓர் அட்டைக்கு ஓர் எண்தான். மூன்று எண்கள் போட்டால் மூன்று வழி திறந்திருக்கிறது என்று கொடுப்பவர் நினைக்கிறார். வாங்குபவரோ எதை அழைப்பது என்று தயங்கி, முதல் எண்ணை அழைத்து, எடுக்காவிட்டால் அட்டையை வைத்துவிடுகிறார். பத்து இலக்கத்தையும் ஒரே கோவையாக ஓட்டாமல், நாம் வாயால் சொல்லும்போது நிறுத்துகிற இடத்தில், ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சிடவேண்டும். அளவும் முக்கியம். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. எட்டுப் பாயிண்டில் அடித்த இலக்கத்தின் உயரம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான் வரும். நாற்பதைத் தாண்டியவர் மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வந்தால், 3, 8, 6, 9 எல்லாம் ஒன்றாகவே தெரியும். பதினான்கு பாயிண்டில் அது மூன்றரை மில்லிமீட்டரை நெருங்குகிறது. அந்தக் கூடுதல் ஒன்றரை மில்லிமீட்டருக்காக எந்த அலங்காரத்தையும் விட்டுக்கொடுப்பேன். தங்க ஃபாயிலில் இலக்கங்களை அடிப்பது பெரும்பாவம். வெளிச்சம் பட்டால் கண்ணாடி போல மின்னும், படாவிட்டால் கறுத்துவிடும். இரண்டு நிலையிலும் எண்ணைப் படிக்க முடியாது.

எண்ணைப் பற்றிப் பேசும்போது என் தவற்றையும் சொல்லியாகவேண்டும். வாடகைக்கு மேசை நாற்காலி, பாத்திரம், பந்தல் விடுகிற ஒருவருடைய அட்டையில் கடைசி இரண்டு இலக்கங்களை முன்பின் மாற்றித் தட்டிவிட்டேன். ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முந்திய சரிபார்ப்புப் படியைப் பார்த்த அவர் எழுத்துகளைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. யாருக்குமே தம் சொந்த எண் தப்பாக இருக்கும் என்று தோன்றுவதில்லை. ஆயிரம் அட்டை ஊரெல்லாம் போய்விட்டது. அழைப்புகள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குப் போயின. அந்த அம்மா மூன்று வாரம் பொறுமையாக, "இது பந்தல் கடை இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் யாரிடமோ அட்டையை வாங்கிப் பார்த்து, கடை முகவரிக்கு நேரில் வந்து சரியான எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். மேற்கொண்டு வந்த அழைப்புகளுக்கு அந்த எண்ணைச் சொல்லியும் அனுப்பினாராம். புதிய ஆயிரத்தை என் செலவில் அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அச்சுக்குப் போகுமுன் ப்ரூஃபில் இருப்பதைப் பார்த்து, அதிலிருக்கும் எண்ணைத் தட்டி அழைத்து, எதிர்முனையில் உரியவர் பேசிய பிறகே ஃபைலை அனுப்புகிறேன். நினைவிலிருந்தோ போனில் சேமித்ததிலிருந்தோ அழைத்தால் பயனில்லை. ப்ரூஃபைப் பார்த்தே தட்டவேண்டும்.

தமிழில் அட்டை அடிப்பதற்கென்று தனித் தொல்லைகள் உண்டு. ஆங்கிலத்தில் ஏழு பாயிண்ட் எழுத்தை ஒப்பேற்றிவிடலாம். தமிழில் அதே அளவில் புள்ளி காணாமல் போய், 'பட்டு' 'படடு' ஆகிவிடும். கறுப்பில் வெள்ளையாக எழுத்தை விட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் நாற்புறமும் இருக்கும் மை புள்ளியின் மீது பரவி அதை மூடிவிடுகிறது. 'கி', 'கீ' போன்றவற்றின் மேல்விலங்கு மேலே ஏறும், 'பு', 'சு' போன்றவற்றின் வால்கள் கீழே இறங்கும். ஆகவே ஒன்பது பாயிண்ட் தமிழுக்குப் பன்னிரண்டு பாயிண்ட் வரி இடைவெளியாவது கொடுத்தால்தான் ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் இடிக்காமல் இருக்கும். சொற்களும் நீளம். 'அட்வகேட்' என்ற இடத்தில் 'வழக்கறிஞர்' அடங்கிவிடும், 'கான்ட்ராக்டர்' என்ற இடத்தில் 'ஒப்பந்ததாரர்' அடங்காது. இதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி ஒல்லியாக்குவதை எந்தக் கடையிலும் பார்க்கலாம். நசுக்குவதற்குப் பதிலாக ஒரு வரியை நீக்கச் சொல்லி வாதாடுவேன். பெரும்பாலும் நீக்குவதற்கு ஒரு வரி எப்போதும் இருக்கிறது. 'தரமான சேவையே எங்கள் நோக்கம்' என்பதற்கு மாறாக எந்தக் கடைக்காரர் சொல்லப்போகிறார்?

எழுத்துருக் குறியீடு இன்னொரு கதை. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அச்சகங்களில் ஓடும் பழைய கோரல்டிராவில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதனால் செந்தமிழ், பாமினி, ஸ்ரீலிபி என்று பழைய குறியீட்டு எழுத்துருக்களையே இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் அனுப்புகிற தமிழைக் குறியீடு மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றி எடுக்கவேண்டும். மாற்றும்போது நடுவில் ஏதாவது ஓர் எழுத்து பிறழும். வடிவமைப்பு முடிந்ததும் எழுத்துகளைக் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்காமல் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது பெயர் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். கர்வ் ஆக்கியபின் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய படி ஒன்றையும் தனியே வைத்திருக்கவேண்டும். இந்த ஒழுக்கம் எனக்கு வருவதற்கு இரண்டு மூன்று இரவுகளின் தூக்கம் போயிற்று.

பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமும் போடுகிறவர்கள், தமிழ்ப் பக்கத்திலும் 'K.' என்றோ 'கே.' என்றோ விட்டுவிடுவார்கள். அப்பாவின் பெயர் குப்புசாமியா கந்தசாமியா என்று கேட்டு, 'கு.' அல்லது 'க.' என்று போட்டுக் காட்டினால், பலருக்கு ஒரு மகிழ்ச்சி வருகிறது. சிலர் மட்டும், "சார், எல்லாருக்கும் என்னை கே. என்றால்தான் தெரியும்" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. தேடுகிறவருக்குத் தெரிந்த பெயரே அட்டையில் இருக்கவேண்டும்.

காகிதத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் வழக்கமான அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம், அதாவது 88.9 மி.மீ.க்கு 50.8 மி.மீ. ஏடிஎம் அட்டையின் பன்னாட்டு அளவு 85.6க்கு 53.98 மி.மீ. ஆகவே நம் அட்டை பர்ஸின் அந்த அறைக்குள் போனாலும் மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒருவகையில் நல்லதுதான், பிடித்து இழுக்கலாம். வீட்டு வடிவத்தில் வெட்டிய கட்டடக்காரர் அட்டையும், கத்தரிக்கோல் வடிவத்தில் வெட்டிய தையற்கடை அட்டையும் எந்த அறைக்குள்ளும் நுழைவதில்லை. வாங்கியவர் ரசித்துவிட்டு, வைக்க இடமில்லாமல் மேசையில் விட்டுப் போய்விடுவார். வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டர் அப்படியும் இப்படியும் ஓடும் என்பதால், பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நீட்டியும், எழுத்துகளை உள்ளே அதைவிடச் சற்று அதிகமாகவே தள்ளியும் வைப்பது வழக்கம். சுற்றிலும் மெல்லிய பார்டர் கோடு வேண்டும் என்று கேட்பவர்களிடம் இதை விளக்கிச் சொல்வேன்: கத்தி ஒரு நூல் விலகினாலும் ஒரு பக்கம் கோடு தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும், ஆயிரத்தில் பாதி கோணலாகத் தோன்றும்.

கனம் என்று வந்தால் முந்நூறு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் போர்டு போதும். அதற்கு மேல் போவது கௌரவத்துக்காக. அதில் தவறில்லை, ஆனால் சட்டைப்பையில் இருபது அட்டை வைக்க நினைப்பவருக்கு முடியாது. என் கவனமெல்லாம் மேல்பரப்பின் மீது. பளபளப்பு லேமினேஷனிலும் மேட் லேமினேஷனிலும் பால்பாயிண்ட் வழுக்கும். ஜெல் பேனா எழுதும், ஆனால் விரல் பட்டால் அழிந்துவிடும். கிழியாத பிளாஸ்டிக் தாளில் அடித்த அட்டை ஈரத்தைத் தாங்கும், எழுதுவதற்கு மார்க்கர் வேண்டும். லேமினேஷனே போடாத சாதாரண ஐவரி போர்டில் எழுதலாம், ஆனால் எண்ணெய்க் கை பட்டால் கறை ஏறும். மோட்டார் அறையில் பார்த்த மஞ்சள் அட்டை இந்தக் கடைசி வகை. அதன் மலிவுதான் அதன்மீது தேதி எழுதுவதற்கு இடம் கொடுத்தது. தேதி எழுதப்பட்டதால்தான் அது அந்த அறையின் ஆவணமாகி, கிழித்தெறியப்படாமல் அங்கேயே இருந்தது. முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டுப் பின்பக்கத்தை வெறுமனே விடலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. அப்படிச் செய்தால் ஈரக்காற்றில் அட்டை லேசாக வளையும் என்பது பிறகு தெரிந்தது. ஒட்டிவைக்கும் அட்டைக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை, பர்ஸில் வைப்பதற்கு உண்டு.

நிறத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் அதிகம் பேசுவார்கள், நான் குறைவாகவே பேசுவேன். இருந்தாலும் ஒரு குறையை அடிக்கடி கேட்கிறேன்: "போன தடவை அடிச்ச நீலம் இந்தத் தடவை வரலையே?" ஆயிரம் அட்டையைச் சில நூறு ரூபாய்க்கு அடித்துத் தர முடிவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஒரே பெரிய தாளில், ஒரே அச்சுப் பிளேட்டில், பல வாடிக்கையாளர்களின் அட்டைகளைச் சேர்த்துப் பரப்பி ஒரே ஓட்டாக ஓட்டுவதால்தான் அந்த விலை. அந்தத் தாளில் உங்கள் நீலத்துக்கு மேலே சிவப்பு நிறைந்த ஒரு பிரியாணிக் கடை அட்டை இருந்தால், மை ஓட்டத்தை அதற்கேற்ப வைப்பார்கள், உங்கள் நீலம் ஊதாப் பக்கம் சாயும். நிறம் அச்சு அசலாக வேண்டுமென்றால் தனி ஓட்டுக்கான காசு கொடுக்கவேண்டும். சிறிய எழுத்துக்கு நான்கு நிறங்களும் கலந்த கறுப்பைப் பயன்படுத்தக்கூடாது என்பதற்கும் காரணம் இதே எந்திரம்தான். நான்கு பிளேட்டுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். கறுப்பு மை மட்டும் என்றால் விலகுவதற்கு இன்னொன்று இல்லை.

முதல்முறை அடிப்பவர்களிடம், ஆயிரத்துக்குப் போகாமல் டிஜிட்டலில் நூறு மட்டும் அடியுங்கள் என்பேன். ஓர் அட்டைக்கு ஆகும் விலை கூடத்தான், ஆனால் ஒரு மாதம் கையில் வைத்துக் கொடுத்துப் பார்த்தால், யாரும் கேட்காத ஒரு தகவலும் எல்லாரும் கேட்கிற ஒரு தகவலும் தெரிந்துவிடும். சென்னையில் எல்லாரும் கேட்பது பெரும்பாலும் அடையாள இடம். பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள் உள்ள ஊரில், 'பெருமாள் கோயில் குளத்துக்கு எதிரே' என்ற ஒரு வரி முழு முகவரியைவிட வேகமாக ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

க்யூஆர் கட்டம் இல்லாமல் இப்போது எவரும் அட்டை கேட்பதில்லை. 1994இல் ஜப்பானில், அப்போது டென்ஸோ நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்த டென்ஸோ வேவ், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது அது. எங்கள் தொழிலில் அதை முத்திரை போல மூலையில் ஒட்டிவிடுகிறோம். பெயர், மூன்று எண், முகவரி, மின்னஞ்சல், இணையதளம் எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் உள்ளிருக்கும் சின்னக் கட்டங்கள் பெருகி, ஒவ்வொன்றும் மணலாகச் சிறுத்துவிடும். இரண்டு சென்டிமீட்டர் பக்க அளவுக்குள் அடித்தால், பழைய கைபேசியின் கேமரா திணறும். உள்ளே இடும் செய்தி எவ்வளவு குறைவோ அவ்வளவு பெரிய கட்டங்கள் கிடைக்கும். சுற்றிலும் நான்கு சின்னக் கட்டங்களின் அகலத்துக்கு வெற்றிடமும் தேவை. அதை வீண் இடம் என்று கருதிக் கட்டத்துக்கு ஒட்டிப் பூ வரைகிறவர்கள் உண்டு. முப்பது விழுக்காடு வரை பழுதானாலும் படிக்கும்படி அமைக்கலாம் என்பதை நம்பி நடுவில் லோகோ வைப்பார்கள். அந்த இருப்பை லோகோவுக்கே செலவழித்துவிட்டால், பிறகு கிரீஸ் கறைக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு கண்ணி இருக்கிறது. இலவசமாகக் க்யூஆர் உருவாக்கித் தரும் தளங்களில் சில, உங்கள் முகவரியை நேரே கட்டத்துக்குள் வைப்பதில்லை. தங்கள் தளத்தின் வழியாகத் திருப்பி விடுகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டு என்று நிற்கும். என்னிடம் அடித்த ஒரு புகைப்படக்காரரின் அட்டை ஒரு மாதத்தில் இப்படி ஊமையாகிவிட்டது. அதன்பிறகு நேரடியாக உள்ளே எழுதும் வகையை மட்டுமே போடுகிறேன். இதைவிட வேடிக்கையான சிக்கல் யுபிஐயால் வந்தது. பூக்கடை முதல் பெட்டிக்கடை வரை க்யூஆர் என்றால் பணம் செலுத்துவது என்று ஆகிவிட்டதால், எலெக்ட்ரீஷியன் ஒருவரின் அட்டையில் இருந்த வாட்ஸாப் கட்டத்தைப் பெரியவர் ஒருவர் பணம் செலுத்தும் செயலியில் ஸ்கேன் செய்துவிட்டு, "உன் கார்டுல காசு போகமாட்டேங்குதுப்பா" என்று திட்டியிருக்கிறார். இப்போது கட்டத்தின் கீழே 'வாட்ஸாப்பில் பேச' என்று இரண்டே சொற்கள் போடுகிறேன்.

பின்பக்கத்தை வெறுமனே விடுவதும், அங்கும் விளம்பரம் நிரப்புவதும் எனக்குச் சம்மதமில்லை. காலண்டர் அச்சிட்ட அட்டைகள் ஓராண்டு பர்ஸில் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. கைபேசி வந்து அதை முடித்துவைத்தது. சாமி படம் போட்டால் தூக்கி எறியமாட்டார்கள் என்பது இன்னமும் உண்மைதான், ஆனால் பூஜை அறை மாடத்தில் விபூதிச் சம்புடத்துக்குக் கீழே போய்விடுகிற அட்டை நேரத்துக்குக் கைக்கு வராது. சமையல் மாஸ்டருக்குப் பின்பக்கத்தில் நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் பால் என்று அவர் வாயால் சொன்ன கணக்கையே அச்சிட்டுக் கொடுத்தேன். கல்யாண வீட்டில் அந்த அட்டையை ஆளாளுக்குக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள் என்றார். தையற்கடைக்காரருக்குத் துணி கொடுத்த தேதி, வாங்கும் தேதி என்று இரண்டு வெற்றுக் கோடுகள்.

மோட்டார் மெக்கானிக்கின் அட்டையை இரண்டாம் முறை செய்தபோது, நீர்த்துளியும் ஃபாயிலும் மின்னஞ்சலும் போயின. வெள்ளை அட்டையில் 'போர் மோட்டார் ரிப்பேர்' என்று தமிழில், அதன் கீழே பதினெட்டுப் பாயிண்டில் ஒரே எண், அதற்கும் கீழே சிறிதாக அவர் பெயர். பின்பக்கம் பளபளப்பில்லாமல், தேதி, செய்த வேலை என்று இரண்டு கட்டங்களாகக் கோடு. ஒட்டுவதென்றால் எந்தப் பக்கத்தை ஒட்டுவது என்று அவரே கேட்டார். நியாயமான கேள்வி. எழுதும் பக்கத்தை ஒட்டினால் எண் தெரியும், எழுத முடியாது. எண்ணையும் கோடுகளையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து, மறுபக்கத்தை முழுவதும் காலியாக விட்டோம். அந்த அட்டையின் சிறந்த முடிவு என்னுடையதில்லை.

சென்ற மாதம் மகனோடு வந்தார். முழங்கால் வலியால் இனி மாடிப்படி ஏற முடியாது, பையன்தான் பார்க்கப்போகிறான் என்றார். பையனுக்குத் தன் எண்ணையும் தன் பெயரையும் போடவேண்டும் என்று ஆசை. அதற்கு நீல நிறத்தில் நீர்த்துளி ஒன்றும் போனில் வைத்திருந்தான். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊர்ல முந்நூறு மோட்டார் ரூம்ல என் நம்பர் ஒட்டியிருக்குப்பா. சிம்மை நீ வச்சுக்கோ. பேரை உன் பேரா மாத்திக்கோ, நம்பரை மட்டும் மாத்தாதே" என்றார். நீர்த்துளியை என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார்கள். கோடுகளுக்கு இடம் குறையாத அளவில் மூலையில் சிறிதாக வைத்தேன். ப்ரூஃப் எடுத்து, அதில் இருந்த எண்ணைப் பார்த்துத் தட்டினேன். அப்பாவின் சட்டைப்பைக்குள் மணி அடித்தது. அவர் போனை எடுத்து, பேசாமல், மகனிடம் நீட்டினார்.